ஒரே சுவரில் ஊரும் உலகமும்

ஸ்பெயின் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் நெஞ்சம் தெற்கு நோக்கியே ஓடும். குர்துபாவின் பள்ளிவாசலும் கர்னாத்தாவின் அல்ஹம்ரா மாளிகையும் நம் கண்முன் வந்து நிற்கும். 711 முதல் 1492 வரையிலான அந்த நெடிய வரலாறு நம் இல்லங்களில் பெருமையோடும் பெருமூச்சோடும் பேசப்பட்டு வருவது. ஆயின், அதே நாட்டின் வடகோடியில், பிஸ்கே விரிகுடாவை ஒட்டிய மலைச்சரிவுகளில், அந்தலூஸின் ஆட்சி வேரூன்றாத வேறொரு நிலம் இருக்கிறது. மழையும் மூடுபனியும் இரும்புத்தாதும் நிறைந்த நிலம் அது. அங்கு வாழ்வோர் பாஸ்க் மக்கள். அவர்கள் பேசும் எவுஸ்கேரா மொழிக்கு இன்று உலகில் உறவுமொழி என்று சொல்லத்தக்கது ஒன்றேனும் கண்டறியப்படவில்லை. நாற்புறமும் பெருமொழிகள் சூழ, தன்னந்தனியாய் நின்று பிழைத்த மொழி அது.

அம்மக்களின் பெருநகரமான பில்பாவோவில் ஒரு நுண்கலை அருங்காட்சியகம் உண்டு. பாஸ்க் கலையையும் ஐரோப்பியக் கலையையும் ஒருங்கே போற்றுவது அதன் நோக்கம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்நோக்கத்துக்குள் கடினமான வினா ஒன்று ஒளிந்திருக்கிறது. சிறிய இனம் ஒன்று தன் கலைஞரின் படைப்பைப் பேராசான்களின் படைப்புக்குப் பக்கத்தில் மாட்டும்போது அது உயர்கிறதா, அன்றித் தன் குறுமையைத் தானே உலகுக்குக் காட்டிக் கொள்கிறதா? இவ்வினாவை முன்வைத்தே அந்த அருங்காட்சியகத்தைக் காண விழைகிறோம்.

இரும்பு கொடுத்த செல்வம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பில்பாவோவைச் சுற்றியிருந்த மலைகளிலிருந்து இரும்புத்தாது கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குச் சென்றது. சுரங்க முதலாளிகளும் கப்பல் முதலாளிகளும் பெருஞ்செல்வர் ஆயினர். அதே மலைகளில் 1890-ஆம் ஆண்டு சுரங்கத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். செல்வமும் துயரமும் ஒரே மலையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டன என்பதை மறந்துவிட்டு அந்நகரின் கலையைப் புரிந்துகொள்ள முடியாது.

அச்செல்வத்தில் ஒரு பகுதி கலைக்கென ஒதுக்கப்பட்டது. 1908-இல் அருங்காட்சியகம் நிறுவப்பெற்றது. 1914-இல், அச்சூரிப் பகுதியில் முன்னர் மருத்துவமனையாக இருந்த ஒரு பழைய கட்டடத்தில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பழைய ஓவியங்களே அங்கு மிகுதி. நிகழ்காலத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தில் 1924-இல் புதுக்கலை அருங்காட்சியகம் ஒன்று தனியே தோன்றியது. அதன் இயக்குநர் பொறுப்பை ஏற்றவர் அவுரேலியோ அர்த்தேத்தா என்னும் ஓவியர். ஓவியரின் கையில் அருங்காட்சியகத்தின் சாவியைக் கொடுத்தது அந்நகரத்தாரின் அறிவுடைமைக்குச் சான்று. லவுரெயானோ தெ ஹாதோ போன்ற கொடையாளர்கள் தம் வாழ்நாள் சேகரிப்பை ஊருக்கே எழுதி வைத்தனர். பின்னர் 1945-இல், தோன்யா கசில்தா பூங்காவின் ஓரத்தில் எழுந்த புதிய கட்டடத்தில் பழையதும் புதியதும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 1970-இல் கண்ணாடியும் இரும்புமாய் ஒரு புதுப்பகுதி அதனோடு இணைக்கப்பெற்றது.

இவ்வரலாற்றில் நம் கருத்தைப் பெரிதும் கவர்வது 1919-ஆம் ஆண்டு. அவ்வாண்டு பில்பாவோவில் பன்னாட்டு ஓவிய, சிற்பக் காட்சி ஒன்று நடைபெற்றது. அக்காட்சியின் பயனாக பால் கொகேனின் ‘ஆர்ல் நகரத்துச் சலவைப் பெண்கள்’ என்ற 1888-ஆம் ஆண்டு ஓவியமும், அமெரிக்காவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த மேரி கசாட் என்ற பெண்மணி வரைந்த தாய்-சேய் ஓவியமும் அந்நகரின் பொதுச்சொத்து ஆயின. கொகேன் மறைந்து பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஒரு மாகாண நகரம் அரசவை ஓவியர்களின் பின்னால் ஓடாமல், சலவை செய்யும் ஏழைப் பெண்களைப் பொதுப்பணத்தில் வாங்கியது. துணிவு என்பது போர்க்களத்தில் மட்டும் காட்டப்படுவதன்று.

எல்லையற்ற இரு பெயர்கள்

‘பாஸ்க் கலை’, ‘ஐரோப்பியக் கலை’ என்று இரண்டு பெயர்களைச் சொல்கிறோம். ஆனால் அருங்காட்சியகத்தின் சுவர்களை ஊன்றி நோக்குவோர்க்கு இரண்டு பெயர்களும் கைக்குள் நில்லாமல் நழுவிப் போகும்.

முதலில் ஐரோப்பா என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியரான மார்ட்டின் தெ வோஸ் 1590-ஐ ஒட்டி வரைந்த ‘ஐரோப்பாவைக் கவர்ந்து செல்லுதல்’ அங்குள்ள புகழ்மிக்க படங்களில் ஒன்று. வெண்காளை ஒன்று ஓர் இளம்பெண்ணை முதுகில் ஏற்றிக்கொண்டு கடல் கடக்கிறது. கிரேக்கர்களின் பழங்கதை இது. யார் அந்தப் பெண்? பினீசிய நாட்டு அரசகுமாரி. இன்றைய லெபனான் கரையில், அரபு மக்கள் ‘ஸூர்’ என்று வழங்கும் தைர் நகரத்தின் மகள். கிரேக்கர்களின் கடவுள் காளை வடிவெடுத்து அவளைக் கவர்ந்து கிரீட் தீவுக்குக் கொண்டு போனதாகக் கதை. அவள் பெயரே பின்னாளில் ஒரு கண்டத்தின் பெயராயிற்று. எனவே, ஐரோப்பா என்று பெருமையோடு சொல்லப்படும் பெயர், கதைவழிப் பார்த்தால், கீழைக்கரையிலிருந்து பிரித்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு பெண்ணின் பெயர். ஓவியர் இதை எண்ணி வரைந்தாரோ இல்லையோ, காண்பவர் எண்ணாமல் இருக்க முடியாது. ஐரோப்பியக் கலையைப் போற்றும் கூடத்தில் இப்படத்தை முதலில் மாட்டினால் அதைவிடச் சிறந்த முகவுரை வேறொன்று இராது.

அந்தக் காளை கரையேறியதாகச் சொல்லப்படும் கிரீட் தீவில், 1541-இல், வேறொருவர் பிறந்தார். வெனிசிலும் ரோமிலும் தங்கி, 1577 அளவில் ஸ்பெயினின் தொலேதோ நகரை அடைந்து, அங்கேயே வாழ்ந்து மறைந்த அவரை ‘கிரேக்கர்’ என்ற பொருளில் எல் கிரேக்கோ என்றே உலகம் அழைக்கிறது. அரபு நூல்கள் லத்தீனில் பெயர்க்கப்பட்ட அறிவுச்சந்தையாக ஒரு காலத்தில் விளங்கிய துலைத்துலாதான் அந்தத் தொலேதோ. அவர் வரைந்த ‘நற்செய்தி அறிவிப்பு’ பில்பாவோவில் இருக்கிறது. வானவர் ஒருவர் கன்னி மர்யமிடம் மகவின் நற்செய்தியைக் கூறும் நிகழ்ச்சி. நபிமார்களையோ வானவர்களையோ மர்யம் (அலை) அவர்களையோ உருவமாய்த் தீட்டுவதை நம் மரபு ஏற்பதில்லை. எனினும் அந்நிகழ்ச்சி நமக்கு அந்நியமானதன்று. மண்ணின் எடையை இழந்து தீப்பிழம்பைப் போல் மேல்நோக்கி நீளும் வடிவங்களாலும் குளிர்ந்த ஒளியாலும், ஓர் அச்சத்தையும் ஓர் ஏற்பையும் அவர் சொல்ல முயன்றிருக்கிறார் என்பதை உணர்வதற்குத் தடையில்லை. கிரேக்கர் ஒருவர் இத்தாலியில் பயின்று ஸ்பெயினில் வரைந்தது இப்படம். ‘ஐரோப்பியக் கலை’ என்பதே ஊர்விட்டு ஊர் போனவர்களின் கலைதான்.

இனி ‘பாஸ்க் கலை’க்கு வருவோம். அதன் முன்னோடிகளுள் வைத்துப் பேசப்படும் தாரியோ தெ ரெகோயோஸ் பாஸ்க் நாட்டில் பிறந்தவரல்லர். 1857-இல் அஸ்தூரியாவில் பிறந்து, பெல்ஜியத்துப் புதுமை ஓவியர்களோடு பழகி, பின்னரே வடக்கு ஸ்பெயினின் மழைநிலத்தைத் தம் தூரிகைக்கு உரியதாக்கிக் கொண்டார். பிரான்சிஸ்கோ துர்ரியோ என்ற சிற்பி வயதோலிதில் பிறந்தவர். பாரிசில் கொகேனின் நண்பராக வாழ்ந்தவர். அடோல்ஃபோ கியார்ட் பில்பாவோவிலேயே பிறந்தவர்தாம். ஆனால் கண் திறந்தது பாரிசில். ‘சிவப்புக் கார்னேஷன் மலரோடு ஒரு குடியானச் சிறுமி’ என்னும் அவருடைய 1903-ஆம் ஆண்டு ஓவியத்தைப் பாருங்கள். சிறுமி பிஸ்காயாவின் மகள்; அவளைச் சுற்றிப் படிந்திருக்கும் நீலமும் சாம்பலும் பிஸ்காயாவின் வானம். ஆயின், அந்த வானத்தை அப்படிப் பார்க்கலாம் என்று கற்றுக்கொடுத்தது பாரிசு. அந்த ஒரு துளிச் சிவப்பு மட்டும் யாரிடமும் கடன் வாங்காதது.

ஆகவே, ‘ஊரா, உலகமா’ என்ற வினாவே சற்றுப் பிழைபட்டது என்பது புலனாகிறது. இங்கே ஊரை ஆக்கியதில் உலகுக்குப் பங்குண்டு. உலகத்தை வாங்கிச் சேர்த்ததில் ஊருக்குப் பங்குண்டு.

மேலே புகைவண்டி, கீழே ஊர்வலம்

இவ்வருங்காட்சியகத்தில் ஒரே ஒரு படத்தைத்தான் காணலாம் என்று எவரேனும் நிபந்தனை விதித்தால், நாம் ரெகோயோசின் ‘கஸ்தீலியாவில் புனித வெள்ளி’யையே தேர்வோம். 1904-இல் வரையப்பட்டது. ஓர் இருப்புப்பாதைப் பாலம். அதன் வளைவின் கீழே, தலையை மூடிய கரிய அங்கிகளோடு நோன்பாளர் ஊர்வலம் ஒன்று மெல்ல நடக்கிறது. பாலத்தின் மேலே, அதே கணத்தில், புகை கக்கியவாறு புகைவண்டி ஓடுகிறது. படம் அவ்வளவே.

கீழே நடப்போர் மேலே ஓடுவதைப் பொருட்படுத்தவில்லை; மேலே செல்வோர் கீழே நடப்பதை அறியவில்லை. ஒரு நாட்டில் இரண்டு காலங்கள் ஒன்றையொன்று காணாமலே கடந்து செல்கின்றன. பெல்ஜியக் கவிஞர் எமில் வெர்ஹேரனோடு சேர்ந்து ஸ்பெயினில் சுற்றி, 1899-இல் ‘கறுப்பு ஸ்பெயின்’ என்ற நூலை வெளியிட்டவர் ரெகோயோஸ். அந்நாட்டின் இருளை நன்கறிந்தவர். ஆயினும் இப்படத்தில் அவர் சமயப்பற்றை எள்ளி நகையாடவில்லை என்பதே நம் துணிபு. எள்ளுவோர் முகத்தைக் கோணலாக வரைவர். இவர் முகத்தையே வரையவில்லை. புகைவண்டியை வெற்றி வீரனாகவும் அவர் காட்டவில்லை. அது விரைகிறது, எங்கே விரைகிறது என்று அதுவும் சொல்லவில்லை. பழமைக்கும் புதுமைக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல மறுத்து, இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் நிறுத்திவிட்டு ஓவியர் விலகிக் கொண்டார். பழைய மார்க்க ஒழுக்கத்தோடு புதிய வாழ்வின் விரைவையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு திணறும் எந்தக் குடும்பத்துக்கும் இப்படம் உரை தேவைப்படாத படம்.

பாஸ்க் அருங்காட்சியகம் ஒன்றின் மணிமுடியாகத் திகழும் இப்படத்தை வரைந்தவர் அஸ்தூரியாவில் பிறந்தவர். வரையப்பட்ட மண் கஸ்தீலியா. பாஸ்க் என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது? பாலத்தில் இருக்கும் இரும்பு இருக்கிறது. பெரும் உருக்காலை ஒன்று 1902-இல் பிஸ்காயாவில் எழுந்து இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்தன. இரும்பு வந்தால் வாழ்வு என்னவாகும் என்பதை அந்த நிலத்தில் வாழ்ந்து கண்ட ஒருவரால்தான் இந்தப் பாலத்தை இத்தனை அழுத்தமாக வரைய முடியும். பிறந்த ஊரைக் காட்டிலும் பார்த்த பார்வையே கலைஞனின் நாட்டுரிமை.

அகரவரிசையின் அருமையும் குறையும்

2018-இல் அருங்காட்சியகம் தன் 110-ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது ஒரு புதுமை செய்தது. எவுஸ்கேரா மொழியின் புகழ்பெற்ற எழுத்தாளர் கிர்மென் உரிபேயிடம் படங்களை அடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. அவர் காலவரிசையைக் கைவிட்டார், நாட்டுவரிசையையும் கைவிட்டார். எழுத்துக்களின் வரிசையில் கூடங்களை அமைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லைச் சூட்டினார். சொற்கள் எவுஸ்கேரா, ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலிருந்தும் எடுக்கப்பட்டன. ஒரு சொல்லின் கீழ்ப் பழைய பேராசானும் பிஸ்காயாவின் புதுக்கலைஞரும் அருகருகே நின்றனர்.

இவ்வமைப்பின் அருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். பிராங்கோவின் ஆட்சியில் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் எவுஸ்கேரா விரட்டப்பட்டது. தன் தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட தலைமுறை ஒன்று அங்கு வாழ்ந்தது. அத்தலைமுறையின் பேரப்பிள்ளைகள், உலகப் பேராசான்களின் படங்களுக்கு மேலே தம் பாட்டியின் சொல் எழுதப்பட்டிருப்பதைக் காண்பது சிறிய செய்தி அன்று. மேலும், அகரவரிசையில் மேலோர், கீழோர் இல்லை. முதல் எழுத்து கடைசி எழுத்தை விட உயர்ந்தது என்று எந்தக் குழந்தையும் எண்ணுவதில்லை. பெரியவருக்குப் பக்கத்தில் உள்ளூர்க்காரரைக் கூச்சமின்றி உட்கார வைக்க இதைவிட நாகரிகமான வழி வேறில்லை.

எனினும் குறையைச் சொல்லாமல் விடுவது விமர்சனம் ஆகாது. அகரவரிசை எல்லோரையும் சமமாக்குகிறது. அதனாலேயே கடன் பட்டவரையும் கடன் கொடுத்தவரையும் மறைத்து விடுகிறது. கியார்டின் நீலம் பாரிசிலிருந்து வந்தது என்பதை எந்த எழுத்து சொல்லும்? கொகேனின் சலவைப் பெண்களை ஏன் ஓர் இரும்பு நகரம் வாங்கியது என்பதை எந்தச் சொல் விளக்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, வரலாற்றில் சில ஆண்டுகள் உண்டு. அவற்றுக்கு எழுத்துக்கள் போதா. 1937 ஏப்ரல் 26 அன்று கெர்னிகா நகரின் மீது குண்டுகள் பொழிந்தன. அதே ஆண்டு ஜூன் மாதம் பில்பாவோ வீழ்ந்தது. புதுக்கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரான அர்த்தேத்தா நாட்டைத் துறந்து மெக்சிகோவுக்குச் சென்று, 1940-இல் அந்நிய மண்ணிலேயே மாண்டார்.

அவருடைய ‘புர்செஞ்ஞா பாலம்’ என்ற ஓவியம் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. பாலமும் ஆலைகளும் உழைக்கும் மக்களும். ரெகோயோசின் பாலத்தின் கீழே முகமற்ற நோன்பாளர். அர்த்தேத்தாவின் பாலத்திலோ உடல் திரண்ட, முகமுள்ள தொழிலாளர். இரு பாலங்களையும் அருகருகே மாட்டி, இடையில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு கடந்தது என்பதையும், இரண்டாம் பாலத்தை வரைந்தவர் என்னவானார் என்பதையும் சொன்னால், பார்ப்பவன் ஒரு நாட்டின் கதையைச் சுவரிலேயே படித்து விடுவான். அதற்குக் காலவரிசை வேண்டும். எழுத்துவரிசை கண்ணுக்கு விருந்து. நினைவுக்கு அது போதாது. ‘இவர் இதைக் கண்டார், அதனால் அவர் இதை வரைந்தார், பின்னர் இது நேர்ந்தது’ என்று சொல்லும் கடன்வரிசை ஒன்றே இந்த அருங்காட்சியகத்துக்கு ஏற்றது என்பது நம் கருத்து.

பளபளப்பும் பழம்பெருமையும்

1997-இல் பில்பாவோவின் ஆற்றங்கரையில் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிராங்க் கெரி வடித்த அந்தத் தைத்தானியக் கட்டடத்தைக் காண உலகமே திரண்டது. சோர்ந்து கிடந்த தொழில்நகரம் புத்துயிர் பெற்றது. அதன் திறப்பு விழாவுக்கு, மத்ரிதில் இருக்கும் பிக்காசோவின் ‘கெர்னிகா’ ஓவியத்தைச் சிறிது காலம் கொடுத்துதவுமாறு பாஸ்க் மக்கள் வேண்டினர். படம் பயணத்தைத் தாங்காது என்று மறுக்கப்பட்டது. தம் ஊர் எரிந்ததைச் சொல்லும் படம் தம் ஊருக்கு வரவில்லை என்ற மனக்குறை அவர்களிடம் எஞ்சியது.

அந்தப் பளபளப்புக்கு நடந்தே செல்லும் தொலைவில்தான் நம் பழைய அருங்காட்சியகம் இருக்கிறது. புதியது உலகத்தை ஊருக்குள் இறக்குமதி செய்தது. பழையது ஊரின் கைகளால் உலகத்தைச் சேர்த்தது. முன்னதைக் காண்பவர் கட்டடத்தைப் பார்க்கிறார். பின்னதைக் காண்பவர் படங்களைப் பார்க்கிறார். இப்பொழுது பழைய கட்டடத்துக்கு மேலேயும் ஒரு புதிய கூடத்தை ஏற்ற நார்மன் பாஸ்டர், லூயிஸ் மரியா உரியார்த்தே ஆகியோரின் திட்டம் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. பழையதை இடிக்காமல், அதன் தோள்மேல் புதியதை நிறுத்தும் எண்ணம் பாராட்டத்தக்கது. ஆனால் தோள்மேல் ஏறியவர் தாங்குபவரை மறந்து விடலாகாது. கூடுதல் இடம் கிடைக்கும்போது யாருக்கு அந்த இடம் என்பதே கேள்வி. உலகச் சந்தையில் விலைபோகும் பெயர்களுக்கா? மாட்டச் சுவரில்லாமல் கிடங்கில் உறங்கும் உள்ளூர்க் கலைஞர்களுக்கா?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். சிறிய இனம் தன் கலைஞரைப் பேராசானுக்குப் பக்கத்தில் மாட்டுவதனால் உயர்வதுமில்லை, தாழ்வதுமில்லை. ‘நாங்களும் உங்களுக்கு இணை’ என்று காட்டவே மாட்டினால் அது வீம்பு. அவ்வீம்பு விரைவில் வெளுத்துவிடும். ‘இவரிடம் இதைப் பெற்றோம், எம் மண்ணிலிருந்து இதைச் சேர்த்தோம்’ என்று கணக்குக் காட்டவே மாட்டினால் அது நேர்மை, அந்நேர்மைக்கு முன் எந்தப் பேராசானும் தலைவணங்குவான். கியார்டின் குடியானச் சிறுமி எல் கிரேக்கோவோடு போட்டியிட வரவில்லை. அவள் கையிலிருக்கும் சிவந்த மலரை நாம் பார்த்தால் போதும் என்றே நூற்றாண்டு கடந்தும் காத்திருக்கிறாள்.